அறுபத்து நான்காவது அட்டைப்படம்

இதுவரை நான் வரைந்து வெளிவந்த அட்டைப்படங்கள் அறுபத்து மூன்று. அவற்றில் ஐம்பத்தெட்டில் ரத்தம் இருக்கிறது. மீதி ஐந்தில் விஷம். செத்துக் கிடப்பவர்கள் மொத்தம் எண்பத்து நான்கு பேர். ஒரே அட்டையில் ஒன்பது பேரைக் கிடத்தச் சொன்னதால் கணக்கு ஏறிவிட்டது. கத்தி முப்பத்தொன்பது, துப்பாக்கி பன்னிரண்டு, கயிறு ஏழு, குழவிக்கல் இரண்டு, இட்லிக்கொப்பரை ஒன்று. கொப்பரையால் ஒருவன் மண்டையை உடைக்கும் காட்சிக்கு எங்கள் வீட்டுக் கொப்பரையையே மேசைமேல் வைத்துப் பார்த்து வரைந்தேன். இரண்டு நாள் வீட்டில் இட்லி கிடையாது. மூன்றாம் நாள் என் மனைவி கொப்பரையை எடுத்துப்போகும்போது, "இதுல சமைச்சு உங்களுக்கே போடறேன், பயப்படாம சாப்பிடுங்க" என்றாள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் வரைவாளராக இருந்தேன். பாலம், மதகு, வாய்க்கால் கரை, இவைதான் வரைந்தவை. ஒரு பாலத்திலும் யாரும் யாரையும் கொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு டேப்லெட்டும் அதற்கான பேனாவும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏழு மாதம் அதில் சீட்டு விளையாடினேன்.

அட்டைப்படத் தொழில் ஒரு புகார்க் கடிதத்தில் ஆரம்பித்தது. சென்னையில் ஒரு சிறு பதிப்பகம், அந்தக் காலத்தில் பஸ் நிலையக் கடைகளில் கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிட்ட பாக்கெட் நாவல்களைப் போலவே, புதுத் துப்பறியும் கதைகளுக்குப் பழைய சட்டை போட்டு வெளியிடுகிறது. ஒன்றை வாங்கினேன். அட்டையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். அவள் வலது கையில் ஆறு விரல். பின்னால் நிற்பவன் நிழல் கிழக்கே விழுகிறது, அவள் நிழல் மேற்கே விழுகிறது. கதவுக்குக் கீல் இல்லை. பதினொரு தவறுகளை எண் போட்டு எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதிப்பாசிரியரான அம்மாள் போனில் கூப்பிட்டார்.

"சார், அது கம்ப்யூட்டரே போட்ட படம். எங்களுக்கும் பிடிக்கல. இவ்ளோ எண்ணுறீங்களே, நீங்களே ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்களேன்."

சவால் மாதிரி இருந்தது. வரைந்தேன். அன்றிலிருந்து எல்லாக் கையிலும் விரல் ஐந்து.

பழைய அட்டையின் தோற்றத்தைக் கொண்டுவருவது சுலபமில்லை. டேப்லெட் எல்லாவற்றையும் மழமழவென்று ஆக்கிவிடும். பழைய அச்சில் நான்கு மை, நான்கு தகடு. ஏதாவது ஒரு தகடு நகர்ந்திருக்கும். பெரும்பாலும் சிவப்புதான் நகரும். உதட்டுச் சாயம் உதட்டுக்கு வெளியே, மூக்குக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால் நான் சிவப்பு லேயரை, சிவப்புக்கென்று தனியாகப் போட்ட அடுக்கை, வலப்பக்கம் மூன்று புள்ளியும் கீழே இரண்டு புள்ளியும் தள்ளிவைப்பேன். காயம் ஓரிடத்தில் இருக்கும், ரத்தம் அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் "அந்தக் காலத்துப் படம்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் சாயப் புள்ளிகள், ஓரத்தில் காகிதம் மஞ்சளித்த கறை, நடுவில் கிளிப் தடம். ஒரு படத்துக்குச் சராசரி இருபத்தேழு லேயர்.

ரத்தத்தின் நிறத்துக்காகப் பிராய்லர் கடைக்குப் போனேன். எங்கள் வீடு நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து இரண்டு வீடு தள்ளி. எதிர்ச் சந்தில் கோழிக்கடை. கழுத்தை அறுத்துத் தலைகீழாகப் புனலில் போட்டவுடன் வருவது ஒரு சிவப்பு, குங்குமத்தைவிட வெளிச்சமானது. நான்காம் நிமிஷம் அது கெட்டியாகிறது. இருபதாம் நிமிஷம் ஓரத்தில் கருக்கிறது. நாற்பதாம் நிமிஷம் காப்பிப்பொடி. மூன்று காலைகள் கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். புனலுக்குள் கோழியின் கால்கள் எத்தனை முறை உதைக்கின்றன என்பதையும் எண்ணினேன். குறைந்தது பதினெட்டு, அதிகம் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் சார், கறி வேணுமுங்களா, இல்ல சும்மா சாவறதப் பாக்க வந்தீங்ளா?"

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு பழக்கம். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். வெகுநேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகி, கோணல் இருந்தாலும் தெரியாது. கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினால் தவறு தானாகப் பல்லைக் காட்டும். அலுவலகத்தில் டிரேசிங் தாளைப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்து இதையே செய்தோம். இப்போது ஒரு விரல் தொட்டால் போதும். பார்த்து, திருத்தி, மறுபடி நேராகத் திருப்பிவிடுவேன்.

அறுபத்து நான்காவது அட்டைக்கான வேலை வந்தபோது, என் தம்பி மேல் நான் கொடுத்த வழக்கில் நான் சாட்சி சொல்ல இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொடிக்கால் உண்டு, வெற்றிலைத் தோட்டம். அப்பா இறந்தபின் பாதிப் பாதி. என் பாதியை நாமக்கல்லிலிருந்து அவ்வப்போது போய்ப் பார்ப்பேன், அவன் பாதியில் அவனே இருப்பான். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை என் முறை. பத்து நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. போய்ப் பார்த்தால் அவன் மடையை அடைத்திருந்தான். வாய்ப்பேச்சு முற்றியது. அவன் கையில், கொடி படர நட்ட அகத்தியின் கிளை கழிக்கும் கொடுவாள். மூன்று முறை அடித்தான். இடது காறை எலும்பு முறிந்தது, காதுக்கு மேல் ஒன்பது தையல், முன்கையில் வீக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அன்று மாலையே நோட்டில் எழுதிவிட்டேன். 'முதல் அடி' என்று ஆரம்பிக்கும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் போலீசில் புகார் எழுதினார்கள், கொடுவாளால் வெட்டினான் என்று. டாக்டர் மட்டும் ஏனோ 'கூரில்லாத ஆயுதம்' என்று எழுதினார். அவர் அன்றைக்கு ஐம்பது பேரைப் பார்த்திருப்பார், கவனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தேழு வாய்தா. அதற்கிடையில் சொந்தக்காரர்கள் ஐந்து முறை கூடிப் பேசினார்கள். ஐந்து முறையும் நான் கேட்டது ஒன்றுதான். தப்புப் பண்ணிவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் அவன் சொல்ல வேண்டும். ஐந்து முறையும் அவன் சொன்னதும் ஒன்றுதான். "அவருதான் முதல்ல ஓங்குனாரு. அத அவரு சொல்லட்டும், மிச்சத்த நான் சொல்றேன்." யாரும் நம்பவில்லை. நான் படித்தவன், அரசாங்க வேலை பார்த்தவன், கையில் நோட்டு வைத்திருப்பவன், தலையில் தையல் உள்ளவன். நானும் நம்பவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்பதுதான் அடிகளைவிட அதிகமாக வலித்தது. அரசு வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வேறு கண்கண்ட சாட்சி கிடையாது, நான் புகாரில் உள்ளபடி சொன்னால் தம்பி உள்ளே போவான், அறுபத்தாறு வயதில். போகட்டும் என்றுதான் இருந்தேன்.

புது அட்டைக்கு அந்த அம்மாள் சொன்ன விவரம் இது. வாழைத்தோப்பு. ஒருவன் வீச்சரிவாளை ஓங்கிக்கொண்டு நேரே நம்மைப் பார்த்து வருகிறான். சாகப்போகிறவன் படத்தில் இல்லை.

"படிக்கிறவன்தான் சார் சாகப்போறவன். அட்டைய எடுத்தவுடனே அவன் கழுத்துல விழணும்."

முதல் மாதிரியை அனுப்பினேன். தலைக்குமேல் அரிவாள், கிழிந்த சட்டை, வாழை இலைகளில் ரத்தத் தெறிப்பு பதினாறு. பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவரு பஸ்ஸுக்குக் கை காட்டுறாரு. கொலை பண்ண வரல."

மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி. அரிவாளை அழித்துவிட்டால் சேலம் பஸ்ஸை நிறுத்துகிற ஆள்தான்.

கையை எப்படி ஓங்குவது என்று நிஜமாகப் பார்த்து வரைய வேண்டியிருந்தது. பின்வாசலில் மண் வெட்டும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன். என் மனைவியிடம் போனைக் கொடுத்து, நான் ஓங்கும்போது எடு என்றேன். அவள் பருப்பு அரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, யாரக் கொல்றதுக்குங்க இப்ப?"

"ஒரு நாவலுக்கு. எடு சீக்கிரம்."

ஓங்கினேன். அவள் எடுத்தாள். படத்தைப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"பீச்சாங்கையில ஓங்கறீங்க. உங்காளு சோத்தாங்கைக்காரன்னு சொன்னீங்களே?"

எனக்குப் பிறப்பில் இடது கை. இரண்டாம் வகுப்பில் வாத்தியார் இடது கையில் பலப்பம் பிடித்தபோதெல்லாம் முட்டியில் ஸ்கேலின் ஓரத்தால் அடித்தார். மரஸ்கேல், தகரப் பட்டி வைத்தது. ஒரு வருஷம் அடித்தார். ஒரு நாள் எண்ணினேன், பத்தொன்பது. தோல் உரிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தபோது நிறுத்தினார். அதன்பின் எழுதுவது, வரைவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. மற்றதெல்லாம் இடதாகவே நின்றுவிட்டது: தேங்காய் உடைப்பது, விறகு பிளப்பது, மண் வெட்டுவது. நான் இதை நினைத்துப் பார்ப்பதேயில்லை.

மம்பட்டியை வலது கைக்கு மாற்றி ஓங்கினேன். பதினான்கு படம் எடுத்தாள். கடைசிப் படத்தை எடுத்துவிட்டுச் சொன்னாள், "முருங்கக்கா பறிக்கறாப்பல இருக்குதுங்க."

அந்தப் படங்களை வைத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மாதிரி போட்டேன். நான்கும் திரும்பி வந்தன. "கோபம் முகத்துல இருக்கு சார், கையில இல்ல," என்றார் அந்த அம்மாள். எனக்கு ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்குப் போனது. பட்டறையில் அன்றைக்கென்று தகடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். நிமிஷத்துக்கு நாற்பது அடி.

பிறகு தோன்றியது. எழுபத்திரண்டு வருஷத்தில் கொல்லும் நினைப்போடு ஓங்கிய கையை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அதை ஏன் வரையக்கூடாது? சாட்சி சொல்வதற்கு முன் ஒரு முறை ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரியும் இருக்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். புகைப்படம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வாழைத்தோப்பை அழித்துவிட்டு அகத்திமரங்களைப் போட்டேன், இடையில் வெற்றிலைக் கொடி. தம்பி நேரே வருகிறான். தோள் முதலில் வந்தது. கை ஓங்குவது கையில் இல்லை, இடுப்பில் ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இடுப்பு ஒரு பக்கம் திருகி, மறுபக்கத்துத் தோள் பின்னுக்குப் போய், கை கடைசியாகத்தான் மேலே வருகிறது. கழுத்து நரம்பு. கீழ் உதடு பல்லுக்குள் போயிருக்கிறது. ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாகிறது. அடிக்கப்போகிறவன் கத்தமாட்டான், வாய் மூடியிருக்கும். நான் இத்தனை வருஷம் அறுபத்து மூன்று அட்டைகளில் வாயைப் பிளந்த கொலைகாரர்களாகவே போட்டிருக்கிறேன். அந்த வாய் மூடிய முகத்தை வரையும்போது என் விரல்களில் பேனா வழுக்கியது, அவ்வளவு வியர்வை. காதுக்கு மேல் தழும்பு விண்ணென்று தெறித்தது. ரத்தத்தை மட்டும் பன்னிரண்டு லேயரில் போட்டேன், பிராய்லர் கடையின் முதல் நிமிஷத்து நிறத்தில். மதியச் சாப்பாடு கிடையாது. மூன்றரை மணிக்கு முடிந்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை அன்று ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

அனுப்பினேன். இந்த முறை போன் வர அரை மணி ஆனது.

"சார், நான் பயந்துட்டேன். ஆபீஸ்ல ஒருத்தங்க இதக் கவுத்து வைங்கன்னு சொல்றாங்க. இதுதான் சார் நான் கேட்டது." பிறகு, "ஒரே ஒரு திருத்தம் சார். அரிவாளத் தலைகீழா பிடிச்சிருக்காரு. கூர்ப்பக்கம் அவரப் பாத்து இருக்கு. இப்படி வீசினா மொட்டப்பக்கம்தான் படும், வெட்டாது. அத மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

விரல் எண்ணுகிற ஆள் நான். என் படத்தில் ஒருவர் தவறு கண்டுபிடித்தது எரிச்சலாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். கொடுவாளின் வளைந்த கூர் அவன் நெற்றிப் பக்கம் இருந்தது. தடித்த முதுகு என் பக்கம். நான் அப்படி யோசித்து வரையவில்லை, கை அப்படி வரைந்திருந்தது. மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை. அந்த லேயரைத் தொட்டேன், திருப்பவில்லை. ஏனென்றால் இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது: அந்த முதுகில் ஒட்டியிருந்த அகத்திப் பிசின், அதில் ஒட்டியிருந்த ஒரு இலை. ஒரு ஆயுதத்தின் முதுகில் இலை ஒட்டியிருந்தது தெரிய வேண்டுமானால் முதுகு என் பக்கம் இருந்திருக்க வேண்டும். அவன் கையிலேயே அதைத் திருப்பிப் பிடித்திருக்கிறான். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

வேறெங்கே தவறு இருக்கிறது என்று பார்க்க, வழக்கம்போல் படத்தை இடம்வலமாகத் திருப்பினேன்.

திருப்பியவுடன் அந்த ஆள் இடது கையை ஓங்கியிருந்தான்.

எனக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. ஊரில் தூரத்திலிருந்து பார்த்துப் பெயர் மாற்றிக் கூப்பிடுவார்கள். அவனுக்கு இடது வகிடு, எனக்கு வலது வகிடு. அந்தக் காலத்தில் இருவருக்கும் வகிடு எடுக்க முடி இருந்தது. திரும்பிய படத்தில் வகிடு வலப்பக்கம் இருந்தது. மூடிய வாய், சின்னதான கண், இடது கை. கண்ணாடியில் நான் என்னைப் பார்ப்பது ஒருவிதம்; எதிரே நிற்கிறவன் என்னைப் பார்ப்பது இன்னொருவிதம். இது எதிரே நிற்கிறவன் பார்ப்பது. அன்றைக்கு வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து என் தம்பி பார்த்தது.

நோட்டில் 'முதல் அடி' என்று ஆரம்பிக்கும் இடத்துக்கு முந்தைய அரை நிமிஷம் வந்துவிட்டது. மடையை நான் மம்பட்டியால் பிளந்தேன். அவன் காலால் மண்ணைத் தள்ளி அடைத்தான். மறுபடி பிளந்தேன்.

"இன்னும் இருபது நிமிசம் எனக்கு இருக்குது" என்றேன்.

"உங்க கடியாரத்துக்கு வாய்க்கா ஓடாதுங்க" என்றான். பிறகு, குரலை உயர்த்தாமல், "அப்பன் உங்களப் படிக்க வெச்சான், என்னைய மாட்டோட உட்டான். தண்ணியாவது எனக்கு உடுங்களே."

அதற்குத்தான் ஓங்கினேன். பதில் இல்லாததால் ஓங்கினேன். இடுப்பு திருகியதும், தோள் பின்னுக்குப் போனதும், உதட்டைக் கடித்ததும் நான். மம்பட்டி அவன் தலைக்குத்தான் போனது. அவன் குனிந்தான். அது 'சொத்' என்று அகத்தியில் இறங்கியது. அந்த அதிர்ச்சி என் இடது தோள்வரை ஏறியது. நான் அதைப் பிடுங்க இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் கொடுவாளைத் திருப்பிப் பிடித்து மூன்று அடி அடித்தான். மூன்று என்பது மூன்றுதான். சிக்கிய மம்பட்டியோடு நின்றவனை மூன்றாவது முறை அடித்திருக்க வேண்டாம், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் முதல் அடி என்று நான் எழுதியது இரண்டாவது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எண்ணவில்லை. மனைவி காப்பி கொண்டுவந்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். தம்ளரை வைக்கவில்லை.

"இது நீங்கதானுங்க" என்றாள்.

"அன்னைக்குக் கொடிக்காலுக்கு நீ ஓடி வந்தபோது என்ன பார்த்தே?"

அவள் உடனே பதில் சொன்னாள். பதினோரு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்தவள் மாதிரி.

"நீங்க கீழ கெடந்தீங்க. உங்க தம்பி கொடுவாளப் போட்டுட்டு உங்க தலையில துண்டச் சுத்திட்டிருந்தாங்க. மம்பட்டி அவங்க பக்கத்து அகத்தியில நின்னுது, ஆளுயரத்துல. நான்தான் புடுங்கினேன். ரெண்டு கையில புடுங்க வேண்டியதாப் போச்சு."

"ஏன் சொல்லவே இல்லை?"

"எல்லாத்தையும் எண்ணற ஆளு, அத மட்டும் எண்ணாமயா உட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சே சொல்றீங்கன்னு இருந்தேன்." தம்ளரை வைத்தாள். "காப்பி ஆறிடுங்க."

தெரிந்தே பொய் சொல்கிறவனோடு பதினோரு வருஷம் அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னாள்.

அந்த அகத்தி இப்போது இல்லை. கொடிக்காலில் அகத்தியைச் சில வருஷத்துக்குமேல் வைக்கமாட்டார்கள், வெட்டிவிட்டுப் புதிதாக நடுவார்கள். வெட்டு விழுந்த மரம் அடுப்பில் எரிந்து போயிருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் எந்தத் தடயமும் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அது தெரிந்தபடியே இருந்தேன்.

மறுநாள் படத்தை முடித்தேன். திருப்பிய படத்தை நேராக்கவில்லை. கொடுவாளை அழித்துவிட்டு இடது கையில் மம்பட்டியைக் கொடுத்தேன். சிவப்பு லேயரை மட்டும் இந்த முறை நகர்த்தவில்லை. அந்த அம்மாள் போன் செய்தார்.

"மம்முட்டியா? கதையில அரிவாள் சார்."

"கதையை மாற்றச் சொல்லுங்கள்."

சிரிப்பார் என்று நினைத்தேன். "கேக்கறேன் சார்" என்றார். கதை எழுதியவர் இரண்டு இடத்தில் மாற்றிக்கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

சாட்சி நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாமக்கல்லுக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கும் கோர்ட்டுக்குப் போனேன். தம்பி குற்றவாளிக் கூண்டில் நின்றான், வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. முடி முழுக்கப் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லா வாய்தாவிலும், சொந்தக்காரர்கள் கூடியபோதும் சுவரைப் பார்த்தே இருந்திருக்கிறேன். அரசு வக்கீல் சுலபமாக ஆரம்பித்தார்.

"இவர் உங்களைக் கொடுவாளால் எத்தனை முறை வெட்டினார்?"

"வெட்டவில்லை. முதுகுப் பக்கத்தால் அடித்தான். மூன்று முறை. அதற்கு முன்னால் நான் மம்பட்டியால் அவன் தலையைப் பார்த்து வீசினேன். ஒரு முறை. பட்டிருந்தால் செத்திருப்பான்."

வக்கீல் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். புகாரைப் படித்துக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதானா என்றார். என்னுடையதுதான் என்றேன். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் கேட்டார்:

"பதினோரு வருஷம் கழித்து இப்போது எப்படி நினைவு வந்தது?"

"படம் வரைந்துகொண்டிருந்தேன் ஐயா."

"என்ன படம்?"

"கொலைப் படம். நாவல் அட்டைக்கு."

பின்வரிசையில் சிரித்தார்கள். ஏழு பேர். நீதிபதி சிரிக்கவில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்கு என்மேல் நடவடிக்கை வரலாம் என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார். படியில் இறங்கும்போது அரசு வக்கீல் என் முகத்தைப் பார்க்காமலே, "இனி இந்தக் கேஸ் நிக்காது. இத மொதல் வருசமே சொல்லியிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

ரோட்டில் வெயில். எங்கள் ஊர்ப் பஸ் நிற்குமிடத்தில் நிழல் கிடையாது. பதினைந்து நிமிஷம் நின்றேன், இரண்டு பஸ் நிற்காமல் போனது. தம்பி நடந்து வந்து ஆறடி தள்ளி நின்றான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். மன்னிப்பு அது இது என்று ஏதாவது பேசவேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவன்தான் முதலில் பேசினான், ரோட்டைப் பார்த்தபடி.

"பத்து நாப்பதுக்கு நான் அடைக்கலீங்க. உங்க கடியாரம் பத்து நிமிசம் முன்னால ஓடும்னு ஊருக்கே தெரியும்."

"பத்து இல்லை. ஏழு."

"அப்ப பத்து முப்பத்தி மூணுக்கே அடைச்சேங்கறீங்ளா?"

கணக்கு சரிதான். தனக்கே எதிரான கணக்கை அவனே போட்டுவிட்டான். அதை அவனும் கவனித்தான். உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்பா, தெரியவில்லை.

அப்போது அவன் சட்டென்று வலது கையை ஓங்கினான். இடுப்பிலிருந்து, முழுத் தோளோடு, தலைக்கு மேலே.

என் இடது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. காறை எலும்பு குத்தியது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று என்று எண்ணினேன்.

பிரேக் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது நாமக்கல் பஸ் எதிரில் நின்றிருந்தது. அவன் கை இன்னும் மேலேயே இருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்துக்கு முன்னால் நான் பிடித்திருந்த கையையும் பார்த்தான். மெதுவாகத் தன் கையை இறக்கினான். அவன் போகவேண்டிய பரமத்தி வேலூர் பஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

"ஏறுங்க" என்றான். "பஸ்காரன் நின்னுட்டிருக்கான்."